காக்கக் கற்போம்

“தம்பியைச் சற்றுப் பார்த்துக்கொள், அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்.”

இத்தொடரைத் தம் வீட்டில் கேளாத மாணவர் இரார். சொல்வதற்குச் சிறிய தொடர்தான். ஆயினும் அதற்குள் ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பு அடங்கியிருக்கிறது.

சொந்த ஊரில் குழந்தையைக் காப்பது ஒருவருடைய வேலையன்று. திண்ணையில் தாத்தா இருப்பார். அடுக்களையில் பாட்டி இருப்பார். அடுத்த வீட்டு அத்தை அடிக்கடி எட்டிப் பார்ப்பார். பணியின் பொருட்டுத் தில்லிக்கும் புனேவுக்கும் போபாலுக்கும் வந்து வாழும் குடும்பங்களில் அத்தகைய துணை குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூடிய கதவுக்குள் தம்பியோ தங்கையோ விழித்திருக்க, அருகில் இருப்பவர் நீங்கள் மட்டுமே என்னும் நேரங்கள் உண்டு.

அந்நேரத்தில் அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். நீச்சலையும் மிதிவண்டி ஓட்டுவதையும் கற்பதுபோலவே குழந்தையைக் காப்பதையும் கற்க வேண்டும். அக்கல்வி இரண்டு வினாக்களில் அடங்கும். நான் செய்ய வேண்டியது யாது? நான் எந்த இடத்தில் நிறுத்திப் பெரியவரை அழைக்க வேண்டும்? இவ்விரண்டனுள் பின்னதே முதன்மையானது.

பயிற்சி தோன்றிய வரலாறு

உலகின் பல நாடுகளில் மூத்த குழந்தைகளே இளைய குழந்தைகளைக் கவனித்துக்கொள்கின்றனர். நைஜீரியாவில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் டேவிட் மார்லி இதனை நேரில் கண்டவர். எப்படியும் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், அதைச் செம்மையாகச் செய்ய அவர்களுக்குக் கற்பித்தால் என்ன என்னும் எண்ணம் பிறந்தது. 1979ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாக அறிவித்திருந்தது. அதனை முன்னிட்டு 1978இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்களும் கல்வியாளர்களும் இணைந்து ‘குழந்தைக்குக் குழந்தை’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். பள்ளி மாணவர்களுக்கு உடல்நலச் செய்திகளைக் கற்பித்து, அவற்றை அவர்கள் வீட்டில் செயற்படுத்தச் செய்வதே அதன் நோக்கம். பின்னர் அது இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கும் பரவியது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் செஞ்சிலுவைச் சங்கங்கள் பதினொரு வயது நிறைந்தோருக்குக் குழந்தை காப்புப் பயிற்சி அளிக்கின்றன. நம் நாட்டில் சாரணர் இயக்கமும் இளையோர் செஞ்சிலுவைச் சங்கமும் முதலுதவி கற்பிக்கின்றன. உங்கள் பள்ளியில் இவை இருப்பின் தவறாமல் சேருங்கள்.

பெரியவர் புறப்படும் முன்

பெரியவர் வாயிலைக் கடக்கும் முன்பே காவற்பணி தொடங்கிவிடுகிறது. கீழ்க்காணும் ஐந்தையும் கேட்டறியுங்கள்.

1. எங்கே செல்கிறீர்கள்? எப்போது திரும்புவீர்கள்?
2. குழந்தை கடைசியாக எப்போது உண்டது? இனி என்ன கொடுக்கலாம்? எதைக் கொடுக்கக் கூடாது?
3. எப்போது உறங்கும்? எங்கே உறங்க வைக்க வேண்டும்?
4. உடல்நலக் குறைவோ, ஒவ்வாத உணவோ உண்டா?
5. உங்களை அழைக்க இயலாவிட்டால் அருகில் யாரை அழைப்பது?

இக்கேள்விகளைக் கேட்பவரைப் பெரியோர் குறைவாக மதிப்பிட மாட்டார்கள். அவரிடம் குழந்தையை விட்டுச் செல்ல அச்சமின்றி இருப்பார்கள்.

தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின்மீது ஒட்டி வையுங்கள். நாடு முழுவதற்கும் அவசர உதவி எண் 112. பல மாநிலங்களில் ஆம்புலன்சுக்கு 108. தீயணைப்புத் துறைக்கு 101. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அத்தாளிலேயே உங்கள் வீட்டு முகவரியையும் எழுதுங்கள். பதற்றத்தில் தம் வீட்டு எண்ணையே மறப்பவர் உண்டு. வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் உங்களுக்கு இன்னொன்றும் தேவை. முகவரியையும், அருகிலுள்ள கோயில், கடை, பேருந்து நிறுத்தம் போன்ற அடையாளத்தையும் அவ்வூர் மொழியில் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள்.

பருவமறிந்து காத்தல்

தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகக் கருதிப் பாடும் சிற்றிலக்கியம் பிள்ளைத்தமிழ் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. அவற்றுள் முதலாவது ‘காப்பு’ என்பது எண்ணத்தக்கது. அடுத்து வரும் பருவங்கள் குழந்தை காப்போருக்கும் வழிகாட்டுகின்றன.

செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் திங்களுக்கு உரியதாகக் கூறுவர். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் குழந்தை, கண் இமைக்கும் நேரத்தில் உருண்டுவிடும். ஆதலால் கட்டிலிலோ நாற்காலியிலோ அதனை ஒரு நொடியும் தனியே விடலாகாது. தரையில் விரித்த பாயே அதற்குப் பாதுகாப்பான இடம்.

சப்பாணிப் பருவம் ஒன்பதாம் திங்களுக்கு உரியது. உட்கார்ந்து கைகொட்டும் குழந்தை, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் இடும். காசு, பொத்தான், பொம்மையின் சிறு மின்கலம், வெடித்த பலூன் துண்டு ஆகியவை தரையில் கிடக்கலாகா. குறிப்பாக, பொத்தான் வடிவிலான மின்கலத்தை விழுங்கினால் அது உள்ளுறுப்பைப் புண்ணாக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஓராண்டு நிறைந்தபின் வருவது வாரானைப் பருவம். தளர்நடை பயிலும் குழந்தை கதவையும் படிக்கட்டையும் பால்கனியையும் நோக்கி நடக்கும். பால்கனிக் கதவு தாழிடப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். அங்கே நாற்காலியோ பூந்தொட்டியோ இருந்தால் அது குழந்தைக்கு ஏணியாகிவிடும்.

நிலவை அழைக்கும் அம்புலிப் பருவத்துக் குழந்தை எட்டாததை எட்ட விரும்பும். மேசை விரிப்பை இழுக்கும். சூடான தேநீர் அதன்மேல் கவிழும். எனவே சூடான எதனையும் மேசை விளிம்பில் வைக்கலாகாது.

வீட்டில் மறைந்துள்ள இடர்கள்

ஒருமுறை தரையில் முழங்காலிட்டு உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். நிற்கும்போது கண்ணில் படாத இடர்கள் அப்போது தென்படும்.

குளியலறை வாளி: சில அங்குல நீரே ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. தலைகீழாக வாளிக்குள் விழும் குழந்தையால் எழ இயலாது, ஓசையும் கேளாது. பயன்படுத்தாத வாளியைக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவைத் தாழிடுங்கள்.

நீர் சுடவைக்கும் மின்தண்டு: வட இந்தியக் குளிர்காலத்தில் வாளி நீருக்குள் மின்தண்டை இட்டுச் சுடவைப்பது பல வீடுகளில் வழக்கம். குழந்தை உங்கள் பொறுப்பில் உள்ளபோது அதனைப் பயன்படுத்தவே கூடாது.

கரி அடுப்பு: மூடிய அறையில் குளிர்காய அங்கீட்டி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி சேரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் பிரிய நேரலாம்.

ஏர்கூலர்: கோடையில் நீர் நிரப்பிய கூலரின் உலோக உடலில் மின்கசிவு ஏற்படலாம். குழந்தை அதனைத் தொடாதவாறு தொலைவில் விளையாடச் செய்யுங்கள்.

நஞ்சுப் பொருள்கள்: கொசுவிரட்டி நீர்மம், கழிவறைத் தூய்மிப்பான், மாத்திரைகள் ஆகியவை பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். குளிர்பானப் புட்டியில் மண்ணெண்ணெயையோ அமிலத்தையோ ஊற்றி வைக்கும் பழக்கம் மிகக் கொடிது. குழந்தை இவற்றுள் எதையேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல உதவி கேளுங்கள்.

உணவும் உறக்கமும்

கைகளைச் சோப்பிட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவிய பின்னரே குழந்தைக்கு உணவு கொடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே முழு உணவு, நீரும் தேவையில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு முழு நிலக்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை ஆகியவை மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. குழந்தை உட்கார்ந்து உண்ணட்டும், ஓடிக்கொண்டே உண்ணலாகாது. பெற்றோர் சொல்லாத மருந்தை ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.

கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தே உறங்கச் செய்ய வேண்டும். தலையணையும் கனத்த ரஜாயும் அதன் முகத்தருகே இருக்கலாகாது. குளிர் மிகுந்தால் உடைகளைக் கூட்டலாமேயன்றி முகத்தை மூடலாகாது.

குழந்தை அழுதால்

அழுகை என்பது குழந்தையின் பேச்சு. பசியா? துணி நனைந்துள்ளதா? உறக்கமா? வெப்பமா, குளிரா? உடலில் எங்கேனும் வலியா? இவ்வைந்தையும் வரிசையாகச் சோதியுங்கள். தோளில் சாய்த்து மெல்ல நடந்தால் பெரும்பாலும் அழுகை தணியும்.

சில வேளைகளில் எதைச் செய்தாலும் அழுகை நிற்காது. அப்போது உங்களுக்குச் சினம் எழலாம். அது இயல்பே. ஆனால் சினத்தால் கைக்குழந்தையை ஒருபோதும் குலுக்கலாகாது. அதன் மூளை மென்மையானது. வன்மையாகக் குலுக்கினால் உயிருக்கே தீங்கு நேரும். குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்து, இரண்டு அடி விலகி நின்று, மூச்சை ஆழமாக இழுத்துவிட்டுப் பெரியவரை அழையுங்கள். “அம்மா, என்னால் சமாளிக்க முடியவில்லை, உடனே வாருங்கள்” என்று சொல்வது தோல்வியன்று, அதுவே பொறுப்பு.

இடர் நேர்ந்தால்

தீப்புண்: சுட்ட இடத்தில் குழாய் நீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, மை, மாவு, எண்ணெய் எதனையும் தடவாதீர்கள். பனிக்கட்டியும் வேண்டா. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

தொண்டை அடைப்பு: குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், இருமல்தான் சிறந்த மருந்து. அழவும் மூச்சுவிடவும் இயலாவிட்டால் உரக்கக் குரல்கொடுத்து உதவிக்கு அழையுங்கள். ஓராண்டு கடந்த குழந்தையை முன்புறம் குனியச்செய்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். கைக்குழந்தையாயின் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்குமாறு தாங்கித் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவி எடுக்க முயலாதீர்கள். அது இன்னும் உள்ளே சென்றுவிடும். இவற்றையும் இவற்றுக்கு அடுத்த முறைகளையும் படித்து மட்டும் கற்க இயலாது. பயிற்சியாளரிடம் நேரில் பழகுங்கள்.

வீழ்ச்சி: விழுந்த குழந்தை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக உறங்கினாலோ உடனே 112க்கும் பெற்றோருக்கும் தெரிவியுங்கள்.

வயிற்றுப்போக்கு: இதில் உயிரைப் பறிப்பது நீரிழப்பே. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் ஊரில் ஏதிலியரிடையே காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகாலனபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பெருங்கலங்களில் நிறைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருகவைக்கச் செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அக்கரைசல் பெற்றவரிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. அன்று உயிர்காத்த கைகள் பெரும்பாலும் தாய்மாருடையவை, உடன்பிறந்தாருடையவை. எளிய பாடம் ஒன்றை முறையாகக் கற்றவர் எவரும் உயிர்காக்க இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

உயிர்காக்கும் கரைசல் பொட்டலம் கிடைக்குமாயின், அதன்மேல் குறிப்பிட்ட அளவு நீரில் கலக்க வேண்டும். கிடைக்காதபோது, கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கரண்டியைத் தலைதட்டியே அளக்க வேண்டும். உப்பு மிகுந்தால் தீங்கு. பெற்றோரிடம் கேட்டே கொடுங்கள்.

எல்லையை அறிதல்

உங்கள் பொறுப்பில் குழந்தை இருக்கும்போது கதவை வெளியாருக்குத் திறக்காதீர்கள். வீட்டில் பெரியவர் இல்லை என்று சொல்லாதீர்கள். குழந்தையின் படத்தைக் கைப்பேசி வழியாக எவருக்கும் அனுப்பாதீர்கள். உங்களையோ குழந்தையையோ யாரேனும் தகாத முறையில் தொட்டாலும், “இதை யாரிடமும் சொல்லாதே” என்று கூறினாலும், அதனை அன்றே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 1098 என்னும் எண்ணும் அதற்கே உள்ளது.

மற்றோர் எல்லையும் உண்டு. குழந்தையைக் காக்கும் நீங்களும் ஒரு குழந்தைதான். 1969இல் தில்லி ராஜ்காட் அருகே கட்டுமானப் பணி நடந்த இடத்தில், தொழிலாளரின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதைக் கண்டு, மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அத்தகைய காப்பகம் கைக்குழந்தைக்கு மட்டும் நலம் பயப்பதன்று. தம்பியை இடுப்பில் சுமந்ததால் பள்ளிக்கு வரமுடியாத அக்காள்களையும் அது விடுவிக்கிறது.

சட்டமும் இதனையே கூறுகிறது. 14 வயது நிறையாதவரை வீட்டு வேலையில் அமர்த்துவது 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பள்ளி நேரம் போக எஞ்சிய வேளையில் தம் குடும்பத்துக்கு உதவலாம். அவ்வுதவி கல்வியைக் கெடுக்கலாகாது. ஆகவே ஒரு மாலை தம்பியைப் பார்த்துக்கொள்வது உதவி. அதற்காகத் தேர்வையும் வகுப்பையும் விடுவது உதவியன்று. “அத்தை, நாளை எனக்குத் தேர்வு இருக்கிறது, இன்று என்னால் முடியாது” என்று பணிவாக மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கைக்குழந்தையை நெடுநேரமும், நோயுற்ற குழந்தையைச் சிறிது நேரமும் தனியே பொறுப்பேற்க உங்கள் வயது போதாது. அதனையும் துணிந்து சொல்லுங்கள்.

காவலும் மொழியும்

காத்தல் என்பது இடரைத் தடுப்பது மட்டுமன்று. கைப்பேசியைக் கையில் கொடுத்து அமரவைப்பது காவலாகாது. கண்ணாமூச்சி ஆடுங்கள், நிலவைக் காட்டிச் சோறூட்டுங்கள், பாட்டி சொன்ன கதையைச் சொல்லுங்கள். தமிழ் ஒலிக்காத தெருவில் வளரும் தம்பிக்கு, நீங்கள் பேசும் தமிழே அவன் நாள்தோறும் கேட்கும் தமிழாக இருக்கக்கூடும். பாலூட்டியும் சோறூட்டியும் குழந்தையை வளர்க்கும் வளர்ப்புத் தாயைப் பழந்தமிழர் செவிலி என்றனர். இன்று மருத்துவமனையில் நோயாளியைப் பேணுபவரையும் அச்சொல்லாலேயே அழைக்கிறோம். பேணுதல் ஒரு கலை, ஒரு தொழில் என்று நம் மொழியே காட்டுகிறது.

பெரியவர் திரும்பி வந்ததும் நடந்தவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். என்ன உண்டது, எப்போது உறங்கியது, எங்கே இடித்துக்கொண்டது என்பன அனைத்தையும் கூறுங்கள். சிறு காயத்தை மறைப்பதால் பெருந்தீங்கு விளையலாம். உண்மையைச் சொன்னவரை நம்பியே மறுமுறையும் குழந்தையை ஒப்படைப்பர்.

பயிற்சி

அ. விடையளிக்க.
1. பெரியவர் வெளியே புறப்படும் முன் கேட்டறிய வேண்டியவை யாவை?
2. தீப்புண்ணுக்குச் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் எழுதுக.
3. உதவி கேட்பது தோல்வியன்று என்று பாடம் கூறுவதற்குரிய காரணத்தை விளக்குக.

ஆ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
பொறுப்பு, தளர்நடை, செவிலி, நீரிழப்பு, பேணுதல்

இ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டைத் தரையில் முழங்காலிட்டுச் சுற்றி வந்து, கண்ட இடர்களைப் பட்டியலிடுக. அவற்றுள் இன்றே நீக்கக்கூடிய மூன்றினைப் பெற்றோர் துணையுடன் நீக்குக.

ஈ. பேசிப் பழகுக.
உங்கள் வீட்டு முகவரியை ஆம்புலன்ஸ் பணியாளரிடம் கூறுவதுபோல் முதலில் தமிழிலும், பின்னர் நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் வகுப்பில் கூறுக.